அப்பா செய்த பார்பிக்கு

எங்கள் அப்பா அதை ‘பார்பிக்கு’ என்றுதான் சொல்வார். பார்பிக்யூ என்று நான் எத்தனையோ முறை திருத்திப் பார்த்தேன். “அதத்தான் நானும் சொல்றேன்” என்பார்.

அப்பாவுக்குப் பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் வெல்டிங் பட்டறை இருந்தது. கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு என்று எது கேட்டாலும் செய்துகொடுப்பார். இதுவரை செய்யாத ஒன்றைக் கேட்டால் இன்னும் சந்தோஷமாகச் செய்வார். நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருஷம், காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒருவர் கையில் ஒரு படத்தோடு பட்டறைக்கு வந்தார். வெளிநாட்டில் எடுத்த படம். புல்தரையில் நாலு கால் வைத்த இரும்புத் தொட்டி, அதற்குள் நெருப்பு, மேலே கம்பி வலை, வலைமேல் கறித்துண்டுகள், சுற்றிலும் கையில் டம்ளரோடு சிரித்துக்கொண்டிருக்கும் மனிதர்கள். இதேபோல் ஒன்று வேண்டும் என்றார். அப்பா நாலு நாளில் செய்துகொடுத்துவிட்டார். அவர் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு அப்பாவுக்கு மனசு அடங்கவில்லை. பழைய எண்ணெய் டிரம் ஒன்றை நெடுக்காக இரண்டாய் அறுத்து, ஒரு பாதியில் எங்களுக்கும் ஒன்று செய்ய ஆரம்பித்தார்.

நான் அதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தாம்பரத்தில் நான் படித்த அந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில், திங்கட்கிழமை ஆனால் ஒவ்வொருத்திக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும். ஒருத்தி மலைக்குப் போய்வந்திருப்பாள், ஒருத்தி வீட்டுக்குப் புது டிவி வந்திருக்கும். ஒருமுறைகூட என்னிடம் கதை இருந்ததில்லை. ஆகவே ஒரு திங்கட்கிழமை, “எங்க வீட்ல பார்பிக்யூ இருக்கு. பேக்யார்டுல” என்றேன். பேக்யார்டு என்ற சொல்லை அன்றுதான் முதல்முறையாக உபயோகித்தேன். வீட்டில் நாங்கள் அந்த இடத்தை ‘பின்னாடி’ என்போம்.

ஹரிணியின் கண்கள் விரிந்தன. ஹரிணி என் நெருங்கின சிநேகிதி. மாடம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. சனிக்கிழமைகளில் பிராஜெக்ட் வேலை என்று சொல்லிக்கொண்டு நான் அங்கே போவேன். அப்பா வண்டியில் கொண்டுபோய் விடுவார். தெருமுனையிலேயே இறங்கிக்கொள்வேன். கேட் வரைக்கும் வரட்டுமா என்று அப்பா கேட்டதில்லை. வேண்டாம் என்று நானும் சொன்னதில்லை. இறங்கிக்கொள்வேன், அவ்வளவுதான்.

வருஷ ஆரம்பத்திலேயே ஹரிணி என்னிடம் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருந்தாள். இன்ஜினியர் என்று சொல்லியிருந்தேன். பட்டறைப் பலகையில் ‘இன்ஜினியரிங் ஒர்க்ஸ்’ என்றுதானே எழுதியிருக்கிறது. அந்தப் பொய்யில் பாதி பலகையைச் சேர்ந்தது என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

சிநேகிதிகள் பார்பிக்யூ பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று வீட்டில் வாய் தவறிச் சொன்னபோது, அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். “வரச் சொல்லு. தீபாவளிக்கு வரச் சொல்லு. கறிய சுட்டுக் குடுப்போம், பட்டாசு வுடட்டும்” என்றார். அம்மா தயங்கினாள். “அதுங்கல்லாம் பெரிய எடத்துப் பசங்க. நம்ம வூடு இன்னா லட்சணத்துல கீது” என்றாள். அப்பா காதிலேயே வாங்கவில்லை. பட்டறையின் விசிட்டிங் கார்டு ஐந்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். “வூட்டு அட்ரஸும் கீது, நம்பரும் கீது. பத்திரிகை மாரி குடுத்துடு.”

ஐந்தில் ஒன்றைத்தான் நான் கொடுத்தேன். அதுவும் ஹரிணியின் அம்மா முகவரி கேட்டு நச்சரித்ததால். அவர்தான் மற்ற நாலு பேரின் அம்மாக்களிடமும் பேசி ஏற்பாடு செய்தார். தீபாவளியன்று மாலை நாலரை மணிக்கு எல்லாரையும் ஒரே காரில் கொண்டுவந்து விட்டு, ஏழு மணிக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவதாகத் திட்டம். அவரவர் வீட்டு வெடி அதற்குப் பிறகு.

அந்த இரண்டு வாரம் அப்பா இருந்த இருப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டிரம்மில் வெறும் விறகைப் போட்டு இரண்டுமுறை எரித்து எண்ணெய் நாற்றத்தைப் போக்கினார். பின்பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். எங்கள் வீடு பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய கடைசித் தெருவில் இருந்தது. பின்னாடி துவைக்கிற கல், ஒரு முருங்கைமரம், ஒரு குளியலறை. குளியலறைக்கு மூன்று பக்கம்தான் சுவர். நாலாவது பக்கத்தில் ஏதோ கூட்டத்துக்கு வைத்த பழைய பிளெக்ஸ் பேனரைக் கட்டியிருந்தோம். அதில் யாரோ ஒரு தலைவர் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருப்பார். அப்பா அதை அவிழ்த்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிக் கட்டினார். “இப்ப பார்றா பாப்பா, டைல்ஸ் போட்ட மாரி கீது” என்றார். தலைவர் அதற்குப் பிறகு குளிக்கிறவர்களை மட்டும் பார்த்துச் சிரித்தார்.

வாடகைக் கடையிலிருந்து ஏழு சிவப்பு நாற்காலிகள் வந்தன. கறியைக் கோத்துச் சுட இருபது கம்பிகள் தயாராயின. குழந்தைகள் கை கிழித்துக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொரு கம்பியின் பிடியையும் வளைத்து, முனையை எமரித் தாளால் தேய்த்துத் தேய்த்து மழுக்கினார். “எல்லாப் புள்ளையும் கறி துன்னுமாடி? கேட்டியா?” என்று அம்மா நாலுமுறை கேட்டாள். நான் கேட்கவில்லை. அவளாகவே சோளமும் உருளைக்கிழங்கும் தனியாக வாங்கி வைத்தாள்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது எனக்குப் பயம் வர ஆரம்பித்திருந்தது. பள்ளி விடுமுறை விடுகிற அன்று ஹரிணி ஓடிவந்து, “எங்கப்பாவும் வர்றாராம். உங்கப்பாவும் இன்ஜினியர்னு சொன்னேன். எந்த கம்பெனின்னு கேட்டாரு” என்றாள். அன்று வீட்டுக்கு வந்து பின்னாடி போய் நின்று, ஹரிணியின் அப்பா எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தேன். சுண்ணாம்புச் சுவர் சுண்ணாம்புச் சுவராகவும், பிளெக்ஸ் பிளெக்ஸாகவும், டிரம் டிரம்மாகவும் தெரிந்தன.

மழை பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஐப்பசி மாசம், வேண்டாமலே பெய்யும். அந்த வருஷம் பெய்யவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள், பட்டறையில் வேலையை முடித்துவிட்டு, கம்பி வலைக்குச் சட்டம் பற்றவைத்திருக்கிறார் அப்பா. அவசரத்தில் முகத்துக்கு மறைப்புப் பிடிக்காமல் நாலைந்து இடத்தில் பற்றவைத்துவிட்டார். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்தால் உடனே தெரியாது. சில மணிநேரம் கழித்துக் கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல ஆகிவிடும். தீபாவளியன்று விடிந்தபோது அப்பா கூடத்தில் மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு கண்மேலும் உருளைக்கிழங்குத் துண்டு. விருந்துக்கு வாங்கிய கிழங்கு. அவர் எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றபோது பார்த்தேன். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து, இமை வீங்கி, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் காலையிலேயே குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறவர்களின் கண் அப்படித்தான் இருக்கும்.

“பாப்பா, எத்தினி மணிக்கு வருவாங்க?” என்று அந்தக் கண்ணோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மதியம் சாப்பாடு முடிந்ததும், கம்பி மத்தாப்பு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். தெருக்கோடிப் பெட்டிக்கடையில் காசு போட்டுப் பேசுகிற போன் தொங்கும். ஹரிணி வீட்டு எண் எனக்கு மனப்பாடம். அவள் அம்மாதான் எடுத்தார்.

“ஆன்ட்டி, இன்னிக்கி பார்ட்டி கேன்சல்.”

“ஏன்மா, என்னாச்சு?”

அப்பாவுக்குக் கண் சரியில்லை என்று சொல்லியிருந்தால் போதும். அது உண்மை. ஆனால் கண்ணுக்கு என்ன என்று கேட்பார். வெல்டிங் என்று சொல்ல வேண்டிவரும். அந்த ஒரு சொல் வாயில் வரக் கூடாது என்பதற்காக நான் வேறொன்றைச் சொன்னேன்.

“எங்க பெரியப்பா செத்துட்டாங்க.”

“ஐயோ, நல்ல நாளும் அதுவுமா... அப்பாவோட கூடப் பொறந்தவராம்மா? அப்பா எப்படி இருக்காரு?” என்றார்.

“கண்ணுலேர்ந்து தண்ணியா வருது ஆன்ட்டி.”

அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் பொய் இல்லை.

“நீ பயப்படாம அம்மா கூடவே இரு, என்ன? மத்தவங்களுக்கு எல்லாம் நானே சொல்லிடறேன்.”

போனை வைத்ததும் எனக்கு வந்த நிம்மதியை மறக்கவே முடியாது. திரும்பி வரும்போது ஒற்றைக்காலில் தாவித் தாவி வந்தேன். மத்தாப்பு வாங்க மறந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

நாலு மணிக்கெல்லாம் அப்பா கரியைப் பற்றவைத்துவிட்டார். கரி முதலில் புகையும், பிறகு சாம்பல் பூத்துச் சிவப்பாகக் கனியும், அப்போதுதான் கறியை வைக்க வேண்டும் என்று அந்தக் கல்லூரிக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். நாலரைக்குக் கரி சரியாகக் கனிந்திருந்தது. நாற்காலிகளை ஒருமுறை துடைத்தார். ஐந்து மணிக்கு முன்பக்கம் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து போனார். ஐந்தேகாலுக்கு ஒரு கார் உண்மையிலேயே வந்தது. அது எதிர்வீட்டு மாப்பிள்ளையின் கார். அப்பா அவருக்கு வண்டி நிறுத்த இடம் காட்டிவிட்டுத் திரும்பினார்.

“கோழிய வெச்சிடவாங்க?” என்றாள் அம்மா.

“இரு. வந்தா சூடா குடுக்கணும்.”

கரி தணிந்தது. மறுபடி கரி போட்டு விசிறினார். புகையில் அவர் கண் இன்னும் கொட்டியது. தோள்துண்டால் ஒற்றிக்கொண்டே விசிறினார். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு என்னிடம் வந்து, “அந்தப் பாப்பா வூட்டு நம்பரு உன்கிட்ட கீதா? ஒரு போன் அடிச்சிப் பார்க்கலாம். வழி தெரியாம சுத்திகினு கீறாங்களோ இன்னாமோ” என்றார்.

“தெரியாதுப்பா” என்றேன்.

மதியம் பெரியப்பாவைக் கொன்றதைவிட, இந்த இரண்டாவது பொய்தான் இப்போது என்னை அதிகமாக வதைக்கிறது. முதலாவதைச் சொல்லும்போது அவர் என் எதிரில் இல்லை.

ஏழு மணி ஆனதும் அம்மா பக்கத்துத் தெருவிலிருந்த பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பினாள். அவ்வளவு கறியும் வீணாகிவிடும். நான் கொன்ற பெரியப்பா புதுக் கைலி கட்டிக்கொண்டு, பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து, சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கம்பிக் கறியை அப்படியே உருவித் தின்றார். அவர் வாயைத் திறந்து திறந்து மெல்லுவதை நான் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

“யாரு வரல?” என்று கேட்டார்.

“பாப்பாவோட படிக்கிற புள்ளைங்க. அஞ்சு பேரு” என்றார் அப்பா.

“எந்தப் பக்கத்துப் புள்ளைங்க?”

“மாடம்பாக்கம், சேலையூரு பக்கம்.”

பெரியப்பா எலும்பைக் கீழே போட்டார். “நீ ஒரு ஆளுடா. கேட்டு செஞ்சிக் குடுத்தா வாங்கிப்பானுங்க. கேட்டுக்கு உள்ள வந்து குந்திகினு நம்ம கையால துன்னுவானுங்களா?”

“ண்ணா. புள்ள எதிர்ல இன்னா பேசற?”

“உள்ளதத்தான் சொல்றேன். நம்ம நைனா காலத்துலருந்து பாக்கறதுதான, புதுசா இன்னா?”

“மழ வரும்னு வந்திருக்க மாட்டாங்க” என்றார் அப்பா. வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது. பெரியப்பா ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த கம்பியை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பேச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை. கேட்டைப் பற்றி ஏதோ தொழில் பேச்சு என்று நினைத்தேன். எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். சிநேகிதிகள் வராததற்கு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஏதோ ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அது நான் இல்லை. வாயைத் திறந்து, நான்தான்பா போன் பண்ணினேன் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் சோளத்தைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் அப்பா பட்டாசுப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகப் பங்கு பிரித்து, ஐந்து பைகளில் போட்டு வைத்திருந்தார். எனக்கு ஒன்று, ஆக ஆறு பை. “அல்லாத்தையும் நீயே கொளுத்து” என்றார். புஸ்வாணம் ஆறு, சங்குசக்கரம் ஆறு, ராக்கெட் ஆறு. ஒவ்வொன்றையும் நான் கொளுத்த, அப்பா பக்கத்தில் நின்று கைதட்டினார். மூன்றாவது பைக்கு மேல் எனக்கு அலுத்துவிட்டது. அலுத்ததைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று சிரித்துக்கொண்டே கொளுத்தினேன். அவரும் சிரித்துக்கொண்டே தட்டினார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தோம் என்பது இப்போது தெரிகிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஹரிணியின் அம்மா தனியாக வந்திருந்தார். கையில் அப்பாவின் விசிட்டிங் கார்டு. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நல்லவேளை, பெரியப்பா வேலைக்குப் போயிருந்தார்.

அப்பா கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடி, இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். “ஹரிணியோட அம்மா” என்று அவர் மெதுவாகச் சொன்னதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. கேட்டை அகலமாகத் திறந்தார். “வாங்க மேடம், உள்ள வாங்க.”

அவர் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

“இருக்கட்டுங்க. பரவால்ல.”

அம்மா எவர்சில்வர் டம்ளரைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். “வேணாம்மா” என்று அவர் கையை எடுத்து நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டார். அம்மா டம்ளரை நீட்டியபடியே கொஞ்சநேரம் நின்றாள்.

“அன்னைக்குப் பசங்கள அனுப்ப முடியல. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் அவர். அப்பாவின் கண் இன்னும் சிவப்பு மாறாமல் இருந்தது. அதைப் பார்த்து அவர் குரல் தழைந்தது. “உங்களுக்கே புரியும்.”

அப்பா அவரையே பார்த்தார். “புரியுது மேடம்” என்றார்.

“கொஞ்சம் பலகாரம். நீங்க ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டீங்க.” கையிலிருந்த பையை அப்பாவின் கையில் கொடுக்காமல், கேட்டின் கூரான கம்பியில் மாட்டினார். அந்தக் கேட்டும் அப்பா செய்ததுதான். என்னைப் பார்த்து இரக்கமாகத் தலையாட்டினார். தொடவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“வரேன்னு கூட சொல்லல பாருங்க” என்றாள் அம்மா. டம்ளர் தண்ணீரைச் செடியில் ஊற்றினாள்.

கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் ஹரிணியே பேச்சுவாக்கில் இதைச் சொன்னாள். அந்த வாரம் அவள் அம்மாவுக்குக் கந்தசஷ்டி விரதம். விரதக்காரர்கள் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, தீட்டுக்காரர்களைத் தொடக் கூடாது என்று அவள் பாட்டி தடுத்திருக்கிறார். துக்கத்தைப் போனில் விசாரிப்பது மரியாதையில்லை, வாசலோடு நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வந்திருக்கிறார். துக்க வீட்டில் தீபாவளிப் பலகாரம் செய்யமாட்டார்கள் என்பதால் தன் கையால் செய்து எடுத்துவந்திருக்கிறார். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் சொல்லாமல் போயிருக்கிறார். “எங்கம்மா உங்கப்பாவ நெனச்சு அன்னைக்கு பூரா அழுதுட்டு இருந்தாங்கடி” என்றாள் ஹரிணி. அந்த நல்ல மனுஷி செய்த ஒவ்வொரு காரியத்தையும் அப்பா ஒவ்வொன்றாக எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று அப்போதுதான் எனக்குப் பளீரென்று விளங்கியது. பேருந்துநிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். என் பேருந்து வந்து போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு அப்பா எங்கள் வீட்டுக்கு வெளியாள் யாரையும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. நான் வயசுக்கு வந்தபோதும், புதுவீடு கட்டிக் குடிபோனபோதும் சொந்தக்காரர்களுக்கு வீட்டில் சமையல் நடந்தது. எனக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தாம்பரத்தில் ஒரு ஹோட்டலில் சொல்லிவிட்டார். “அவங்களுக்கு அதான் சௌரியமா இருக்கும்” என்றார். என் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வருகிறோம் என்று கேட்டபோதும் அதையே சொன்னார்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் நம்மை ஒதுக்கவில்லையப்பா என்று சொல்லலாம். அப்படியானால் ஏன் வரவில்லை என்று கேட்பார். உன்னைக் காட்ட வெட்கப்பட்டு நான்தான் வரவிடவில்லை என்று சொல்ல வேண்டும். ஊரார் ஒதுக்கினார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பதும், பெற்ற மகள் ஒதுக்கினாள் என்று தெரிந்துகொள்வதும், இரண்டில் எது அவருக்கு அதிகமாக வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டு நான் என்னைத்தான் காப்பாற்றிக்கொள்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு இப்போது அறுபது ஆகப்போகிறது.

அன்று சாயங்காலம் எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. ஹரிணியின் அம்மா சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார், நான் தப்பித்துவிட்டேன், அவ்வளவுதான் தெரியும். பையில் ரிப்பன் பக்கோடாவும் பாதுஷாவும் இருந்தன. அப்பாவும் அம்மாவும் தொடவில்லை. நான் உட்கார்ந்து முக்கால்வாசியைத் தின்று தீர்த்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்து நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்க வூட்டுக்கு நீ போறியே, உள்ள வுடறாங்களா?” என்று கேட்டார்.

“பெட்ரூம் வரைக்கும் போவேன்பா.”

“குடிக்க எதுனா குடுப்பாங்களா?”

“பால் குடுப்பாங்க. சாக்லேட் பவுடர் போட்டு.”

“எதுல குடுப்பாங்க?”

இது என்ன கேள்வி என்று எனக்குச் சிரிப்பு வந்தது. “கப்புலதான். பூனை படம் போட்ட கப்பு. நான் போனா அதுலதான் குடுப்பாங்க.”

“வேற யாருனா அதுல குடிப்பாங்களா?”

அந்தப் பூனை எனக்குப் பிடித்திருக்கிறது என்று நான் ஒருமுறை சொன்னதிலிருந்து, ஹரிணி அந்தக் கப்பை வேறு யாரையும் தொட விடுவதில்லை. அதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. மாடம்பாக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் எனக்கென்று ஒரு கப்பு இருக்கிறது, அதை அப்பா தெரிந்துகொண்டால் சந்தோஷப்படுவார் என்று மட்டும் தோன்றியது.

“யாரும் குடிக்க மாட்டாங்கப்பா. எனக்குன்னே தனியா வெச்சிருக்காங்க” என்று பெருமையாகச் சொன்னேன்.

அப்பா என் தலைமேல் கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவேயில்லை. அவருக்கும் பெருமையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த பாதுஷாவை எடுத்தேன்.